கடையில் வாங்கின கயிறு

“…நீங்க கட்டினது இல்ல பூசாரி. இது கடையில வாங்கின கயிறு” என்று ஏழுமலை சொன்னான். நீட்டிய கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

பூசாரியின் பிளேடு அவன் மணிக்கட்டுக்கு மேலே அப்படியே நின்றது.

போன ஆடியில், இதே முனீஸ்வரன் முன்னால், ‘அடுத்த ஆடி வரைக்கும் குடிக்க மாட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கயிறு கட்டிக்கொண்டவன் அவன். அதை அவிழ்க்கத்தான் அன்றைக்கு வந்திருந்தோம். ஏழுமலை, அவன் சம்சாரம் தேவகி, என் மெஸ்ஸில் இலை போடுவதிலிருந்து அண்டா கழுவுவது வரை பார்க்கிற ஸ்டெல்லா, பிறகு நான். சற்றுத் தள்ளி நிழலில் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான் ஏழுமலையின் பழைய கூட்டாளி கோபி. அவனை யாரும் கூப்பிடவில்லை. கயிறு அவிழ்க்கிற நாளில் கோபியைக் கூப்பிட வேண்டியதில்லை.

பூசாரி பிளேடை எங்கே வைப்பது என்று தெரியாமல் எலுமிச்சம்பழத் தட்டில் வைத்தார்.

தேவகி நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடா சொல்ற நீ?” என்றார் பூசாரி.

அதற்கு ஏழுமலை என்ன சொன்னான் என்பதற்கு வருகிறேன். ஒரு முழம் கறுப்புக் கயிறு கடையில் வாங்கியது என்று கேட்டதும் ஒரு பெண் ஏன் தரையில் உட்கார வேண்டும்? எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

ஆணியா குடித்தது?

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில், உள்ளே பிரிகிற மண் ரோட்டில் இருக்கிறார் இந்த முனீஸ்வரன். இரண்டு பக்கமும் கம்பெனிச் சுவர். சுவர் எழுப்ப வந்தவர்கள் அவரை மட்டும் தொடப் பயந்து, வளைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். தலைக்கு மேல் கூரை கிடையாது, ஒரு வேப்ப மரம்தான். புது வண்டி எடுத்த டிரைவர்கள் இங்கே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் முதல் லோடு ஏற்றுவார்கள். ஷிப்ட் முடிந்து போகிற பெண்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

குடியை விட முடியாதவர்களை வீட்டுப் பெண்கள் இங்கேதான் இழுத்து வருவார்கள். எத்தனை நாளைக்கு என்று ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். பூசாரி கயிறு கட்டுவார். கெடு முடிகிற நாளில் இதே இடத்துக்கு வந்து, அவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் குடித்தால் சாமி குத்தம். கை கால் விளங்காமல் போகும் என்பார்கள்.

ஆயுசுக்கும் வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு எங்கள் பூசாரி கட்ட மாட்டார். “வேணாம்மா. ஆயுசுக்கும்னு சொல்றவன் சாயங்காலமே வந்து அவுத்து வுடுன்னு நிப்பான். ஆறு மாசம்னு சொல்றவன நம்பலாம்” என்பார்.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைக் காதில் முடிந்து வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. படிப்பு எட்டோடு நின்று போனது. மீதிப் படிப்பை மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கயிற்றைப் பற்றி மட்டும் எத்தனையோ சேர்த்திருக்கிறேன். ஒருத்தர், பெயர் வேண்டாம், குடிக்கப் போகும்போது கயிற்றை மெதுவாகக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து மாட்டிக்கொள்வார். பெண்டாட்டி பிடித்துவிட்டாள். அவர் சொன்ன பதில் இது: “கயிறு கட்டினவன் குடிச்சாத்தான் குத்தம். கயிறு ஆணியில இருந்துச்சு. ஆணியா குடிச்சிது?”

இன்னொரு வகை, கயிற்றையே மாற்றிவிடுகிறவர்கள். சாமிக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு, அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கிக் கட்டிக்கொள்வது. வீட்டுக்காரியின் கண்ணுக்குக் கயிறு தெரியும். சாமிக்குப் பயப்படவும் வேண்டாம். ஊரில் கடைக் கயிறு என்றாலே அர்த்தம் அதுதான்.

தேவகி ஏன் உட்கார்ந்தாள் என்று இப்போது புரிந்திருக்கும்.

கட்டின மாடு

ஏழுமலை இதற்கு முன்னால் மூன்று தடவை கயிறு கட்டியவன். குன்றத்தூர் பக்கம் ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். கயிறு கட்டியிருந்த நாளெல்லாம் அவனைப் போல உத்தமன் கிடையாது. ஓவர்டைம் பார்ப்பான், வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போவான், தேவகியை வண்டியில் உட்கார வைத்து மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போவான். கெடு முடிகிற நாள் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது.

அவிழ்க்கிற நாள்தான் அவனுக்கு ஆகாத நாள்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. கயிறு அவிழ்க்க வருகிறவன் முனீஸ்வரனுக்குச் சுருட்டும் ஒரு குவாட்டர் பாட்டிலும் கொண்டு வர வேண்டும். பூசாரி மூடியைத் திறந்து சாமி முன்னால் தெளிப்பார். மீதியை, அவிழ்த்துக்கொண்டவன் கையிலேயே பிரசாதமாகக் கொடுத்துவிடுவார். மாதக் கணக்கில் வாயைக் கட்டினவனுக்கு முதல் மிடறைச் சாமியே ஊற்றிக் கொடுத்த மாதிரி. வேண்டாம் என்று எவன் சொல்வான்? வெளியே கோபி வண்டியை ஸ்டார்ட் செய்து தயாராக நிற்பான். அதற்கப்புறம் ஏழுமலையை எந்த வாய்க்கால் ஓரத்திலிருந்து தூக்கி வருவது என்பதுதான் தேவகியின் வேலை.

மூன்றாவது தடவை அவிழ்த்த பிறகு குடி நிற்கவே இல்லை. கையில் காசு தீர்ந்ததும், வேலை பார்த்த கோடவுனிலேயே காப்பர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு போய் பழைய இரும்புக் கடையில் போட்டான். பிடிப்பதற்குப் பெரிய துப்பறிதல் தேவைப்படவில்லை. கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த கேமராவைப் பார்த்துக் கை ஆட்டியிருக்கிறான். “உள்ள இருக்கற செக்யூரிட்டி தெரிஞ்சவருக்கா. பாத்தும் பாக்காத மாதிரி போனா தப்பா நெனச்சிக்குவாருன்னு...” என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

ஜெயிலில் அவனைச் சமையல் கூடத்தில் போட்டார்கள். அங்கேதான் அண்டாக் கணக்கில் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டான். குடியும் இல்லை. தேவகி மனு போட்டுப் பார்க்கப் போகும்போதெல்லாம் உடம்பு தேறிக்கொண்டு வந்ததாம். வெளியே விட்ட அன்றைக்கு கேட்டுக்கு எதிரே கோபி பிரியாணிப் பொட்டலமும் பாட்டிலுமாக நின்றான். தேவகி பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் ஏழுமலை பாதி பாட்டிலை முடித்திருந்தான்.

அந்தக் குடி அவனை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனது. பெரியாஸ்பத்திரியில் குடிநோய்க்கென்று இருக்கிற வார்டில் படுத்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு உதறினான். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்தினான். டாக்டரம்மா அவனிடம் ஒன்று சொல்லியிருக்கிறார்: “மருந்து உன் உடம்புக்கு. மீதிக்கு நீ ஆள் தேடிக்கணும்.” வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் ஒரு சர்ச் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்தைச் சொன்னார். தேவகிக்கோ அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முனீஸ்வரனிடம்தான் இழுத்து வந்தாள். அதுதான் நான் சொன்ன போன ஆடி.

ஸ்டெல்லா இந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், கயிற்றில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. “கட்டின மாடு பயிர மேயாதுக்கா. அதுக்காக அது நல்ல மாடுன்னு சொல்லிட முடியுமா?” என்றாள்.

ரசமா, அபிஷேகமா?

தேவகி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். காலை ஷிப்டுக்குப் போகும்போது என் மெஸ்ஸில்தான் இட்லி சாப்பிடுவாள். ஒரு நாள் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, எங்க வூட்டுக்காரருக்கு ஒரு வேல குடுங்க. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவர்னு எந்த கேட்லயும் உள்ள வுட மாட்றாங்க. சம்பளம் நீங்க பாத்து குடுக்கறது. யாராச்சும் ஒருத்தர் கண்ணு முன்னாடி இருந்தா போதும்.”

“சமைக்கத் தெரியுமா?”

“உள்ள ஐந்நூறு பேருக்கு வச்சாராம்.”

“குடிப்பாரா?”

“கயிறு கட்டியிருக்காரு” என்றாள். குடிக்க மாட்டார் என்று சொல்லவில்லை. அந்த உண்மைக்காகவே சரி என்றேன்.

ஏழுமலை வந்தான். கூச்சத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். சாப்பிட வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? “மாஸ்டர், இன்னிக்கு களி கிடையாதா?” என்று ஒருவன் ஆரம்பித்தான். ஏழுமலை சாம்பாரைக் கிளறிக்கொண்டே, “களியெல்லாம் அங்க எப்பவோ நிறுத்திட்டாங்கண்ணே. இப்ப சிக்கன் போடறாங்க. வேணும்னா போய்ட்டு வாங்க” என்றான். மெஸ் முழுக்கச் சிரிப்பு. அன்றைக்குத்தான் அவன் முகம் நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

சமையல் கை நன்றாக இருந்தது. பரிமாறுகிற கைதான் நடுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் அந்த நடுக்கம் விடவில்லை. ஆள் இல்லாத ஒரு மதியம் ரசத்தூக்கை அவனிடம் கொடுத்துப் பந்திக்கு அனுப்பினேன். திருநெல்வேலிக்காரர் ஒருத்தர், வெல்டர், இலையில் ரசம் வாங்க மாட்டார். உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார், கையில் ஊற்ற வேண்டும், உறிஞ்சிக் குடிப்பார். ஏழுமலை ஊற்றினான். ரசம் உள்ளங்கையில் விழவில்லை. மணிக்கட்டில் விழுந்து முழங்கை வழியாக மடிக்குள் ஓடியது. சூடு வேறு.

வெல்டர் கையை உதறிவிட்டு, “ஏ மாஸ்டர், ரசம் கேட்டா அபிஷேகமால்லா பண்ணுதீரு?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்தான். தூக்கைக் கொண்டு வந்து அடுப்படியில் வைத்தவன் அதற்கப்புறம் பந்திப் பக்கம் கரண்டியோடு போகவே இல்லை. ஆள் குறைந்த நாளில்கூட, “ஸ்டெல்லாக்கா போகட்டும், நான் அண்டா கழுவறேன்” என்பான். நானும் வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த சர்ச் பின்கட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வருவான். அங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். “டீ குடுப்பாங்க, பேசுவோம்” என்றான். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, பருப்பு வேகிற நேரத்தில், தானாகச் சொன்னான்: “அங்க ஒரு பெரியவர் இருக்காருக்கா. நான் இன்னா சொன்னாலும் ஒரே கேள்விதான் கேப்பாரு. ‘இன்னிக்கு குடிச்சியா?’ம்பாரு. இல்லம்பேன். ‘அப்ப போய் வேலயப் பாரு’ம்பாரு.”

வீட்டில் தேவகிக்கு வேறு ஒரு பரீட்சை. சாயங்காலம் அவன் போனதும் வாசற்படியிலேயே நிறுத்தி, “ஊது” என்பாள். ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, அவன் தெருவில் வரும்போதே “மாமா, ஊது” என்று கத்தும். அதற்கும் ஊதிக் காட்டிவிட்டுப் போவான்.

மாவில் கிடந்தது

பொங்கல் கழிந்த வாரம் ஒரு நாள் காலையில் இட்லி மாவைக் கரைத்தபோது கரண்டியில் கறுப்பாக ஏதோ சிக்கியது. இழுத்தேன். நூல். இன்னும் கொஞ்சம் துழாவினேன், இன்னும் கொஞ்சம் வந்தது. சாப்பிட ஆட்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அண்டா மாவையும் கொட்டிவிட்டு ரவை உப்புமா கிண்டச் சொன்னேன்.

கோபம் முழுவதும் ஸ்டெல்லா மேல் போனது. “தலைமுடியில கட்டற கயிறா, சாக்கு கட்டற கயிறா, எதுன்னாலும் மாவுல விழற வரைக்கும் கண்ணு எங்க இருந்துச்சு?” என்றேன். அவள், “என் முடி நரைச்சு வருசமாச்சு, எனக்கெதுக்கு கறுப்புக் கயிறு?” என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஏழுமலை அன்றைக்கு உப்புமாவைக் கிண்டிக்கொண்டு தலையே தூக்கவில்லை. பயந்திருப்பான் என்று நினைத்தேன்.

மாசி மாதம் போல ஸ்டெல்லாவே ஒன்று கவனித்தாள். “ஏன்க்கா, நாள் முழுக்க தண்ணியிலயும் சோப்புலயும் கெடக்கற கை. கயிறு மட்டும் வெளுக்காம புதுசாவே கீதே?”

“சாமிக் கயிறு அப்படித்தான் இருக்கும்” என்று நான்தான் சொன்னேன். ஏழுமலை அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஆனி பிறந்ததும் தேவகிக்குத் தூக்கம் போய்விட்டது. இந்தத் தடவை அவன் விழுந்தால் எழுப்ப முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஈரல் தாங்காது. மெஸ்ஸின் பின்பக்கம் அவளும் ஸ்டெல்லாவும் நானும் கூடிப் பேசினோம்.

“நாள மறந்துட்ட மாதிரி இருந்துடலாமா?” என்றேன்.

“கோபி மறக்க மாட்டான்” என்றாள் தேவகி. “போன வாரமே வூட்டாண்ட வந்து, ‘மச்சான், ஆடி வருதுல்ல’ன்னு கண்ணடிச்சிட்டு போறான்.”

“பூசாரிகிட்ட சொல்லி நாள் நல்லா இல்லன்னு தள்ளிப் போட சொல்லலாம்” என்றேன் மறுபடி.

“முனிக்கு ஏதுக்கா நல்ல நாள் கெட்ட நாள்? எனக்கு ஒண்ணுதான் தோணுது. இந்தக் கயிறு அவுந்த கையோட, அங்கயே வேற ஒண்ணு கட்டிடணும். நடுவுல ஒரு நிமிசம்கூட வெறும் கையா வுடக் கூடாது.”

வல்லக்கோட்டைக் கோயில் வாசல் கடையில் தேவகி புதுக் கயிறு வாங்கி வந்துவிட்டாள். முனீஸ்வரனிடம் கிளம்பிய அன்றைக்கு அது அவள் மூடிய கைக்குள்ளேயே இருந்தது. எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மட்டும் தெரியும்.

வேப்ப மரத்தடியில்

“இன்னாடா சொல்ற நீ?” என்று பூசாரி கேட்ட இடத்தில் விட்டேன்.

ஏழுமலை கையை நீட்டியபடியே நின்றான். “நீங்க கட்டினது அறுந்து போச்சு பூசாரி. பொங்கலுக்கு அப்புறம். கிரைண்டர்ல மாவு தள்ளிவிடும்போது கல்லுல சுத்திக்கிச்சு. கயிறு அறுந்ததால கை தப்பிச்சுது.”

“அடப்பாவி” என்றாள் ஸ்டெல்லா. “அந்தக் கயிறா? யக்கா, அன்னிக்கு என்ன இன்னா பேச்சு பேசினீங்க நீங்க.”

நான் முனீஸ்வரனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அறுந்தா அறுந்துச்சுன்னு சொல்ல வேண்டிதுதானே?” என்றார் பூசாரி.

“சொல்லத்தான் ஓடியாந்தேன். அடுப்படியிலேர்ந்து வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். சொன்னா சாயங்காலமே இவ இங்க இட்டுக்கினு வந்து வேற கட்டிடுவா. அப்பதான் தோணிச்சு. கயிறு இல்லாமத்தான் நிக்கிறோம். ஒண்ணும் ஆவலியே. சரி, சாயங்காலம் வரைக்கும் பாப்போம்னு வுட்டேன். சாயங்காலம் வந்துச்சு. காலைல வரைக்கும் பாப்போம்னு வுட்டேன்.”

“அப்ப இது?”

“வெறும் கையோட வூட்டுக்குப் போனா இவ செத்துடுவா. அதான் போற வழியில கடையில வாங்கினேன். ஷூ லேஸ் கட்ற மாதிரிதான் கட்டியிருக்கேன் பூசாரி. இழுத்தா வந்துடும். இத்தினி நாளா எப்ப வேணா அவுத்திருக்கலாம்.”

சொல்லிவிட்டு முடிச்சின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தான். வந்துவிட்டது. அதைக் கொண்டு போய் முனீஸ்வரனின் சூலத்தில் மாட்டினான்.

தேவகி கீழே உட்கார்ந்தபடியே கேட்டாள். “கயிறு இல்லாமயா இருந்த? பொங்கல்லேர்ந்தா?”

“தெனம் சாயங்காலம் ஊதினேன்ல. இன்னா வாசன வந்துச்சு, சொல்லு.”

அவள் யோசித்தாள். ஆறு மாதச் சாயங்காலத்தையும் மோந்து பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

“பெருங்காயம்” என்றாள்.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஏழுமலை சிரிக்கவில்லை. பூசாரி பக்கம் திரும்பினான். “எப்பப்ப அவுத்து வுட்டாங்களோ அப்பப்ப வுழுந்தவன் நான். இங்க அவுத்தீங்க, வுழுந்தேன். ஜெயில்ல வெளிய வுட்டாங்க, கேட்டாண்டயே வுழுந்தேன். இந்த வாட்டி அவுத்து வுட ஆளே இல்ல. அதான் எந்த நாள்ல வுழணும்னு எனக்குத் தெரியாம போச்சு.”

பூசாரி சூலத்தில் ஆடிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார். “தானா அறுந்தா குத்தம் இல்ல” என்றார். “சரி, சாமிக்கு இன்னா கொண்டாந்த? எடு.”

ஏழுமலை தன் வண்டியில் மாட்டியிருந்த பெரிய அடுக்கு கேரியரையும் ரசத்தூக்கையும் எடுத்து வந்தான். சுருட்டு ஒன்று. கேரியரைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பின் வாசம் கம்பெனிச் சுவரையே எட்டிப் பார்க்க வைக்கும் போலிருந்தது.

“பாட்டில்?”

“இல்ல பூசாரி. நான் சமைச்சது இதான்.”

“அவருக்கு அது பழக்கமாயிடுச்சேடா.”

“எனக்கே வுட்டுப் போச்சு. அவர் சாமி, அவருக்கு வுடாதா?”

அப்போதுதான் கோபி வண்டியிலிருந்து இறங்கி வந்தான். கெட்டவன் இல்லை அவன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, ஜெயில் வாசலுக்கு முதல் ஆளாக வந்து நின்றவனும் அவன்தான். சட்டைக்குள்ளிருந்து குவாட்டரை எடுத்தான். “மச்சான், சாமிக்குக் குறை வைக்கக் கூடாது. உன் பேர்ல நான் வாங்கியாந்துட்டேன்.”

பூசாரிக்கும் வழக்கத்தை மீற மனமில்லை. மூடியைத் திருகி முனீஸ்வரன் முன்னால் தெளித்தார். அந்த வாடை எழுந்ததும் தேவகி எழுந்து நின்றாள். மீதிப் பாட்டிலைப் பூசாரி ஏழுமலையிடம் நீட்டினார். கை பழகின பழக்கம், யோசிக்காமல் நீட்டியிருப்பார். நீட்டிய பிறகு திரும்ப இழுக்கவும் முடியவில்லை. சாமியிடமிருந்து வந்ததாயிற்றே.

ஏழுமலை இரண்டு கையாலும் வாங்கினான்.

திறந்திருந்த பாட்டிலின் வாயை அவன் ஒரு தடவை பார்த்ததை நான் கவனித்தேன். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குனிந்து, சூலத்தின் அடியில் வைத்தான்.

“வாங்கிக்கினேன் பூசாரி. வாங்கினதா ஆச்சு. எல போடு ஸ்டெல்லாக்கா.”

வேப்ப மர நிழலில் எல்லாரும் உட்கார்ந்தோம். பூசாரிக்கு முதல் இலை. கோபி நின்றுகொண்டே இருந்தான். “டேய், குந்துடா. கருவாடு உனக்குப் பிடிக்கும்ல” என்று ஏழுமலை அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். கோபி சூலத்தின் அடியை ஒரு தடவை பார்த்தான், இலையை ஒரு தடவை பார்த்தான், பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சோறு போட்டது ஸ்டெல்லா. குழம்பு ஊற்றியது ஸ்டெல்லா. அடுத்து ரசத்தூக்கின் மேல் அவள் கை வைத்தபோது, “நீ குந்துக்கா, நான் பாத்துக்கறேன்” என்று ஏழுமலை வாங்கிக்கொண்டான். மெஸ்ஸில் வெல்டரின் கை வெந்த நாளுக்கு அப்புறம் அவன் தூக்கோடு பந்திக்கு வருவது அதுதான் முதல் தடவை. பூசாரிக்கு இலையில் ஊற்றினான். கோபிக்கு, எனக்கு, ஸ்டெல்லாவுக்கு.

தேவகியிடம் வந்தான். அவள் இலையைக் காட்டவில்லை. ஒரு கை இன்னும் மூடியே இருந்தது. அந்தக் கையைத் திறந்து, வேர்வையில் நனைந்திருந்த புதுக் கயிற்றை எடுத்து இலைக்கு வெளியே மண்ணில் வைத்தாள். அதை ஏழுமலையும் பார்த்தான். இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள்.

“கையிலயே ஊத்து” என்றாள்.

ஏழுமலை ஒரு காலை மடக்கி அவள் எதிரே குந்தினான். கரண்டியை அடி வரைக்கும் விடாமல், மேலாகத் தெளிந்த ரசத்தை மொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் உள்ளங்கைக்குள் மெதுவாகச் சாய்த்தான். வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. அவள் குடித்து முடித்து மறுபடி கையை நீட்டினாள். அவன் மறுபடி மொண்டான்.